குரல் கொடுக்காதே

மாதக் கடைசி வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வளாகத்தின் பெரிய அரங்கில் ‘ஊர் பேசுகிறது’ நடக்கும். பல்கலைக்கழகம் பொதுமக்களுக்காக நடத்தும் நிகழ்ச்சி. ஒரு மாதம் குடிதண்ணீர், ஒரு மாதம் முதுமை, இன்னொரு மாதம் வீட்டுவேலை செய்கிறவர்களின் உரிமை என்று ஊரில் எரிகிற விஷயம் எதையாவது எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பேசவைப்பார்கள். சுவரொட்டியில் ‘அனைவரும் வருக’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதற்கும் கீழே, ஓரத்தில், இரண்டு கைகள் வரைந்த சின்னம். சைகை மொழிபெயர்ப்பு உண்டு என்று அதற்கு அர்த்தம்.

அந்த இரண்டு கைகளும் அவளுடையவை.

காது கேளாதவர்கள் ஒருவரை ஒருவர் எழுத்துக் கூட்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்ததும் கண்ணில் படுகிற எதையாவது சைகையாக்கி, அதையே பெயராக ஒட்டிவிடுவார்கள். அவளுக்கு மோவாயில் ஒரு மச்சம். ஆள்காட்டி விரலால் மோவாயை ஒரு தட்டுத் தட்டினால் அது அவள். மச்சம். அவளுடைய அண்ணன்தான் அந்தப் பெயரை வைத்தவன். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனிடமிருந்துதான் அவள் இந்த மொழியைக் கற்றாள். ஒன்பது வயதில் மருத்துவர் அறையில் அண்ணனுக்கும் மருத்துவருக்கும் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கையாட்டியதுதான் அவளுடைய முதல் வேலை. முப்பத்தெட்டு வயதிலும் அதே வேலைதான். முக்காலி மட்டும் இல்லை.

வளாக நிகழ்ச்சியில் எட்டு மாதமாக நின்றாள். எட்டு மாதத்தில் காது கேளாத ஒருவர்கூட அந்தப் படியேறி வரவில்லை. முதல் இரண்டு மாதம், யாராவது வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கையசைத்தாள். பிறகு மூன்றாவது வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து அதனிடம் பேசினாள். சொல்வது யாருக்காவது போய்ச் சேர்கிறது என்று நம்பாமல் கை ஓடாது. அந்த நாற்காலிக்குக் குடிதண்ணீர்ப் பிரச்சினை தலைகீழ்ப் பாடம்.

ஆள் வராததற்குக் காரணம் ஒன்றும் மர்மமில்லை. சுவரொட்டியிலேயே இருந்தது. ‘முன்பதிவுக்கு அழைக்கவும்’ என்று ஒரு தொலைபேசி எண்.

“சார், காது கேக்காதவங்க எப்படி சார் போன் பண்ணிப் பதிவு பண்ணுவாங்க?” என்று நிகழ்ச்சி இயக்குநரிடம் கேட்டாள்.

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். யாரிடம் பேசினாலும் பாதிக் கண் கடிகாரத்தில் இருக்கும் மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. “நல்ல பாயிண்ட் மேடம். அடுத்த சீசன்ல பாத்துக்கலாம். இப்ப போஸ்டரெல்லாம் அச்சாயிடுச்சு.”

“அதுவரைக்கும் நான் யாருக்கு மொழிபெயர்க்கிறது?”

“நேரலை இருக்கே! ஒலகமே பாக்குது. அதுவும் போக, போட்டோல நீங்க வந்தாலே நிகழ்ச்சிக்கு ஒரு தனி மதிப்பு மேடம்.”

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அவளும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வளாக முகப்புச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் மாட்டினார்கள். அவள் கையை விரித்து நிற்கிறாள், பின்னால் மங்கலாகப் பேச்சாளர். அவள் கணவன் அதன்முன் நின்று ஒரு செல்ஃபிகூட எடுத்துக்கொண்டான்.

ஒன்பதாவது மாதத் தலைப்பு ‘யாருக்கான வளாகம்?’. அந்த வாரம் பார்த்து அவள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்து நின்றது. அதைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வைண்டிங்கக்காவின் கடைக்குப் போனாள்.

அக்கா மோட்டார் வைண்டிங் கடை வைத்து இருபது வருடம் இருக்கும். கருகிய செம்புக் கம்பியும் வார்னிஷும் கலந்த நெடி தெருமுனைக்கே வரும். அக்காவுக்குக் காது கேட்காது. ஆனால் எந்த மோட்டாரின் மேலும் உள்ளங்கையை வைத்த மாத்திரத்தில் பேரிங் போய்விட்டதா, கம்பிச்சுருள் எரிந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். காது கேட்கிற மெக்கானிக்குகள் கழற்றிப் பார்த்துத்தான் சொல்வார்கள். அவளுடைய சைகைப் பெயர், விரலை இன்னொரு விரலைச் சுற்றிச் சுழற்றுவது.

கையால் பேசியதை இங்கே வாயால் பேசியதுபோலத்தான் எழுதியாக வேண்டும்.

“சுட்டுப்போச்சு. ரெண்டு நாள் ஆகும்,” என்றாள் அக்கா. “நீ என்ன, இளைச்சிட்ட?”

மச்சம் சிரித்தபடி, வளாக நிகழ்ச்சியில் காலி நாற்காலியோடு தான் நடத்தும் உரையாடலைச் சொன்னாள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தாள்.

“என் பொண்ணு அங்கதான படிச்சா. உனக்குத் தெரியாதா?”

மச்சத்துக்குத் தெரியாது. அக்காவின் மகள் பிறந்தபோது பிரசவ அறையில் மொழிபெயர்த்தவளே அவள்தான். மகளுக்கும் காது கேட்காது. தலைமுடியை உச்சியில் தூக்கிக் கட்டுவாள் என்பதால் குதிரைவால் என்று பெயர். அந்தப் பெண் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியது வரைக்கும் மச்சத்துக்குத் தெரியும்.

“எலெக்ட்ரிக்கல் டிப்ளமா. கெடச்சு அஞ்சு வாரம் போனா,” என்றாள் அக்கா. “வாத்தியார் போர்டைப் பாத்து, முதுகைக் காட்டிக்கிட்டே பேசுவாராம். பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பாத்து எழுதுவா. அந்தப் பொண்ணு வரலைன்னா அன்னைக்கு ஒண்ணும் இல்ல. மொழிபெயர்க்க ஒரு ஆளு வேணும்னு நான் ஆபீசுக்கு எழுதிக் குடுத்தேன். பதில் வந்துச்சு.”

மேசை இழுப்பறையிலிருந்து, கிரீஸ் விரல் பதிந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். பதிவாளர் கையெழுத்து. ‘தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் வசதி தற்போது வளாகத்தில் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

மச்சம் தேதியைப் பார்த்தாள். அதே வாரத்தில்தான் அவள் மேடையில் நின்று, கல்வி எல்லோருக்கும் பொது என்று நாற்காலியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு கட்டடம் தள்ளி அந்தப் பெண் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“எனக்கு ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?”

அக்கா நேராக அவள் கண்ணைப் பார்த்தாள். “சுவர்ல உன் படத்தைப் பாத்தோம். நீ அவங்க ஆளுன்னு நெனச்சோம்.”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கடையின் பின்பக்கத்தில் குதிரைவால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாரிலிருந்து எரிந்த கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இவர்கள் பேசியது அத்தனையும் அவள் கண்ணில் விழுந்திருக்கும். ஆனால் நிமிரவில்லை.

“நான் திரும்பப் போகமாட்டேன்னு சொல்லல,” என்றாள் கடைசியில், கம்பியைக் கீழே போட்டுவிட்டு. “பொம்மை மாதிரி உக்காரமாட்டேன்னுதான் சொன்னேன்.”

அன்று மாலையே மச்சம் நிகழ்ச்சி இயக்குநரைப் போய்ப் பார்த்தாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது உண்மை. “வகுப்பு விஷயம் என் கையில இல்ல மேடம். இது பொது மேடை. தனிப்பட்ட புகாரைக் கொண்டுவந்தா நிகழ்ச்சியோட தரம் போயிடும்.”

“கேள்வி நேரத்துல யார் வேணா கேக்கலாம்ல சார்?”

“தாராளமா! அதுக்குத்தான நடத்துறோம்.”

“அது போதும் சார்.”

அடுத்த இரண்டு நாளும் அவள் சுவரொட்டியிலிருந்த எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்தாள். தையற்காரர், அச்சகத்தில் வேலை செய்யும் அண்ணன் தம்பி, சலூன்காரர், மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற பெண்கள் என்று இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவராகப் பதிவு செய்தாள். மறுமுனையில் இருந்த பெண்ணுக்குப் பத்தாவது பெயருக்குள் பொறுமை போய்விட்டது.

“மேடம், ஒருத்தரே இத்தனை பேருக்குப் பதிவு பண்ணக்கூடாது. அவங்கவங்க கிட்ட போனைக் குடுங்க.”

“குடுத்தாலும் பேசமாட்டாங்கம்மா. காது கேக்காது.”

“அப்புறம் எப்படி நிகழ்ச்சியைக் கேப்பாங்க?”

“அதுக்குத்தாம்மா எட்டு மாசமா என்னை நிக்கவெச்சிருக்கீங்க.”

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சரி, அடுத்த பேர் சொல்லுங்க,” என்றது குரல்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே இருபத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் நேராக இடதுபக்கம் முதல் இரண்டு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்துதான் அவள் கை தெரியும். நாற்காலிகளில் ‘விருந்தினர்’ என்று ஒட்டியிருந்த தாள்களை அக்கா ஒவ்வொன்றாகப் பிய்த்து, மடித்து, பைக்குள் போட்டுக்கொண்டாள். காவலாளி ஓடிவந்து எழுந்திருக்கச் சொன்னார். யார் காதில் விழும்? சொல்லிப் பார்த்து ஓய்ந்து போய்விட்டார்.

இயக்குநருக்கு முதலில் திகைப்பு, பிறகு சந்தோஷம். புகைப்படக்காரரைத் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார். “அருமை மேடம்! முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்று கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். முன்வரிசையில் இருந்த சலூன்காரர் அதைக் கவனித்துவிட்டுத் தன் மணிக்கட்டை இரண்டு தட்டுத் தட்டினார். வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. கடிகாரம் என்று அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அது இனி அவர் ஓய்வு பெற்றாலும் போகாது.

பேச்சாளர் ஒரு பேராசிரியர், ஒல்லியான மனிதர், நிறுத்தி நிதானமாகப் பேசினார். கால் மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. காலி நாற்காலிக்குப் பேசிப் பழகிய மச்சத்துக்கு, எதிரே இருபத்து மூன்று முகங்கள் தலையாட்டுவதைப் பார்த்ததும் கை தானாகப் பறந்தது. பிறகு பேராசிரியர் படங்கள் காட்டப்போகிறேன் என்றார். அரங்கின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. அவள் மேலிருந்த விளக்கும் அணைந்தது.

இருட்டில் சைகை ஏது? பேராசிரியர் பேசிக்கொண்டே இருந்தார். முதல் இரண்டு வரிசையில் கைகள் உயர்ந்து ஆடின. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் திரை மேல் இருபது முப்பது கைகளின் நிழல்கள் விழுந்தன. மச்சம் இயக்குநரை நோக்கித் தன் தலைக்கு மேலிருந்த விளக்கைக் காட்டினாள். அவர் “ரெண்டே நிமிஷம், நேரலைல திரை வெளுத்துரும்” என்று வாயசைத்தார்.

அக்கா எழுந்தாள். பக்கவாட்டுச் சுவருக்கு நடந்தாள். இருபது வருடம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்குச் சுவிட்ச் பலகை எங்கே இருக்கும் என்று ஒருவர் சொல்ல வேண்டுமா? ஒரே இழுப்பில் அத்தனை சுவிட்சையும் போட்டாள். அரங்கம் பகலாகிவிட்டது. போட்டுவிட்டு அங்கேயே, பலகைக்கு முதுகு கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பேராசிரியர் வெளுத்துப்போன திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “படம் இல்லாமலே சொல்றேன்,” என்று தொடர்ந்தார். அதுவரை அவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாத மச்சத்துக்கு அப்போது அவரைப் பிடித்துப்போனது.

கேள்வி நேரம் வந்ததும் அக்கா இரண்டு வரிசைக்கும் முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இயக்குநர் ஒலிவாங்கியை எடுத்துவந்து மச்சத்தின் கையில் திணித்தார். அதை அவள் வாயருகே கொண்டுபோகும்போது அக்கா கையை உயர்த்தினாள்.

“குரல் கொடுக்காதே.”

மச்சம் விழித்தாள்.

“நான் முடிக்கிற வரைக்கும் குரல் கொடுக்காதே. இவங்க காத்திருக்கட்டும்.”

அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள். முன் இரண்டு வரிசையும் முன்னால் சாய்ந்தது. மற்றவர்கள் மச்சத்தைப் பார்த்தார்கள். அவள் உதடு திறக்கவில்லை.

“மேடம்,” இயக்குநர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “என்ன சொல்றாங்க? சொல்லுங்க. நேரலை ஓடுது.”

“சொல்ல வேணாங்கிறாங்க சார்.”

“வேணாங்கிறாங்களா? உங்களை வேலைக்கு வெச்சது நாங்க மேடம்.”

சின்ன வயதிலிருந்து அவள் செய்துவந்தது இதற்கு நேர்மாறான காரியம். இரண்டு பக்கத்துக்கும் வலிக்காமல் வழுவழுவென்று தேய்த்துக் கொடுப்பாள். உறவுக்காரர்கள் அண்ணனைக் கேலி செய்தால் “உன் சட்டை நல்லா இருக்காம்” என்று சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கம் இப்போதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. ‘அனைவருக்கும் வணக்கம், எங்களை அழைத்ததற்கு நன்றி’ என்று ஆரம்பித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஒலிவாங்கியின் பொத்தானை அணைத்து, குனிந்து, தரையில் வைத்தாள்.

“பேச்சு அவங்களோடது சார். எப்பக் குடுக்கணும்னு அவங்கதான் சொல்லணும்.”

அரங்கில் முதலில் முணுமுணுப்பு. “என்னப்பா நடக்குது?” என்றார் ஒருவர். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். யாருடைய தொலைபேசியோ அடித்தது. அவர் அதை அணைப்பதற்குள் அரங்கமே திரும்பிப் பார்த்தது. அக்காவின் கைகள் நிற்கவில்லை. ஓரிடத்தில் இருபத்திரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். மற்ற இருநூறு பேருக்கும் எதற்கென்று தெரியவில்லை. சிலர் தங்களைத்தான் சொல்கிறார்களோ என்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். இன்னோர் இடத்தில் மருந்துக் கிடங்குப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். அதற்கும் காரணம் தெரியவில்லை. ஒரு மாணவி பொறுக்கமாட்டாமல் எழுந்துவந்து, முன்வரிசையிலிருந்த சலூன்காரரிடம் தன் நோட்டில் ‘என்ன சொல்கிறார்?’ என்று எழுதிக் காட்டினாள். அவர் அதில் ‘பிறகு சொல்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஐந்து நிமிடம்தான். இயக்குநர் அதற்குள் பதினோரு தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பார்.

பிறகு அக்கா மச்சத்தைப் பார்த்து, “இப்பக் குடு,” என்றாள். “ஒரு வார்த்தை குறைக்காதே.”

அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பி மறுபடி கையை உயர்த்த, மச்சம் ஒலிவாங்கியை எடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் எப்போதும் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லமாட்டார், ‘நான்’ என்றுதான் சொல்லுவார். அதுதான் அந்தத் தொழிலின் முறை.

“இப்ப அஞ்சு நிமிஷம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்றாள். “எல்லாரும் சிரிக்கிறாங்க, உங்களுக்குப் புரியல. யாரோ அழுவுறாங்க, அதுவும் புரியல. பக்கத்துல எழுதிக் கேட்டா, அப்புறம் சொல்றேங்கிறாங்க. என் பொண்ணு இந்த வளாகத்துல அஞ்சு வாரம் இப்படித்தான் உக்காந்திருந்தா. அஞ்சு நிமிஷத்துக்கே உங்கள்ல ரெண்டு பேரு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அவளை மட்டும், படிப்புல அக்கறை இல்லைன்னு சொன்னாங்க.”

அக்காவின் கை அடுத்த வாக்கியத்துக்கு உயர்ந்தது. மோவாயைத் தொட்டது. மச்சத்துக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அவள் குரல் ஒரு கணம் நின்றது. அக்காவும் நிறுத்தி, காத்திருந்தாள். தப்பிக்க இடம் கொடுக்கவில்லை.

“வகுப்புல நிக்கவெக்க உங்ககிட்ட ஆள் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க,” என்றாள் மச்சம் ஒலிவாங்கியில். “மேடையில நிக்கவெக்க இருந்துச்சு. இந்த மொழிபெயர்ப்பாளரும் எட்டு மாசமா உங்க சுவருக்கு அலங்காரமா நின்னாங்க. யாருக்காக நிக்கிறோம்னு ஒருநாளும் எங்ககிட்ட வந்து கேக்கல.”

தன்னைப் பற்றித் தன் வாயாலேயே சொன்னாள். ஒரு வார்த்தையும் குறையவில்லை. முதல் வரிசையில் அச்சகத்துச் சகோதரர்களில் மூத்தவர் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

“எங்க கை உங்க போஸ்டருக்கு வேணும். எங்க பிள்ளைங்க உங்க வகுப்புக்கு வேணாம். அப்படின்னா போஸ்டர்லயிருந்தும் கையை எடுத்துருங்க. இல்லைன்னா ரெண்டு எடத்துலயும் வைங்க.”

குதிரைவால் எழுந்து மேடையேறி, கிரீஸ் கறை படிந்த கடிதத்தைப் பேராசிரியரிடம் நீட்டினாள். அவர் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தேதியிலிருந்து கையெழுத்து வரை உரக்கப் படித்தார். ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்ற இடத்தில் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“இதுக்கு நான் பதில் சொல்ல முடியாது,” என்றார் பேராசிரியர். “சொல்ல வேண்டியவர் இங்கயேதான் இருக்கார்.”

வலதுபக்க முதல் வரிசையில் இருந்த பதிவாளரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் எழுந்து, “முறையா ஒரு மனு குடுங்க, பரிசீலிக்கிறோம்,” என்றார். மச்சம் அதைக் கையால் சொன்னாள். அக்கா ஒரே சைகையில் பதில் சொன்னாள்.

“மனுதான் ஏற்கெனவே உங்க கையில இருக்கே,” என்றாள் மச்சம்.

மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தது. ‘தொழில்முறை நடத்தையைக் கருத்தில் கொண்டு’ என்று தொடங்கி, அவளுடைய சேவை இனித் தேவைப்படாது என்று முடிந்தது. சுவரிலிருந்த படத்தையும் எடுத்துவிட்டார்களாம்.

“என் செல்ஃபி மட்டும் மிச்சம்,” என்றான் கணவன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வருத்தமா?” என்று கேட்டான்.

“இல்ல. லேட்டாயிடுச்சேன்னு இருக்கு.”

அன்று வேறு ஊரில் தச்சு வேலை செய்யும் அண்ணனைக் காணொளியில் அழைத்தாள். அவனும் நேரலையைப் பார்த்திருந்தான். இழைப்புளித் தூள் தலையெல்லாம் ஒட்டியிருக்க, அவன் அக்காவின் சுவிட்ச் பலகை நடையை அப்படியே நடித்துக் காட்டினான். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்:

“சின்ன வயசுல டாக்டர் சொன்னதை உனக்கு மாத்திச் சொன்னேன். நல்லா சாப்பிடச் சொன்னார்னு சொன்னேன்ல? அவர் சொன்னது அது இல்ல. இவனுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு, ஏதாவது கைவேலையில போட்டுருங்கன்னார்.”

அண்ணன் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டான். “எனக்கு அப்பவே தெரியும். அவன் மூஞ்சியைப் பாத்தேன்ல. நீதான் பாவம், வேர்த்துக்கொட்டி எனக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்த.” பிறகு விரலை ஆட்டினான். “இனிமே மாத்தாத.”

அடுத்த மாதச் சுவரொட்டியில் இரண்டு கைகள் இல்லை. தொலைபேசி எண் அப்படியே இருந்தது. தலைப்பு ‘நம் தெருக்களின் ஓசைகள்’. அன்று நாற்பத்தொரு பேர் வந்தார்கள். மச்சமும் வந்தாள். மேடையில் ஏறவில்லை. முதல் வரிசைக்கு முன்னால், நடைபாதையில், கூட்டத்துக்கு முதுகு காட்டாமல் ஓரமாக நின்று கையசைக்கத் தொடங்கினாள்.

இயக்குநர் வேகமாக வந்தார். “மேடம், உங்களை நாங்க கூப்பிடலையே.”

“அனைவரும் வருகன்னு போட்டிருந்துச்சு சார். வந்தேன்.”

“வாங்க, உக்காருங்க. மொழிபெயர்க்கக் கூடாது.”

“நான் மொழிபெயர்க்கல சார். பார்வையாளர். கையை ஆட்டிக்கிட்டே கேக்குறது என் பழக்கம். பார்வையாளர் கையை ஆட்டக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

அவர் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி வந்து நாற்பத்தொரு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். “போன தடவையே சொல்லிப் பாத்துட்டேன் சார். இவங்க யாரும் நாம சொல்றதைக் கேக்கமாட்டாங்க,” என்றார். வேண்டுமென்று சொன்னாரா, வாய் தவறி வந்ததா தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இயக்குநரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அன்று கேள்வி நேரத்தில் முதல் கை அக்காவுடையது, குரல் மச்சத்துடையது. “ஓசையைப் பத்தி ஒண்ணரை மணி நேரம் பேசினீங்க. பஸ்சு வந்தா என் கடைத் தரை எப்படி நடுங்கும்னு உங்க ஆராய்ச்சியில இருக்கா? இல்லைன்னா வந்து எழுதிக்கிட்டுப் போங்க.” பேச்சாளர் மெய்யாகவே முகவரி வாங்கிக்கொண்டார்.

அதற்கடுத்த மாதமும் வந்தார்கள். அறுபது பேர். முதல் தடவை நோட்டில் எழுதிக் கேட்ட மாணவி தன் தோழிகள் ஐந்து பேரோடு வந்து இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். எலெக்ட்ரிக்கல் துறை மாணவர்கள் ஒரு மனுவில் கையெழுத்து வாங்கிப் பதிவாளர் அறைக்கதவில் ஒட்டினார்கள். அவர் கிழித்தார். மறுநாள் அதே இடத்தில் இன்னொரு நகல் இருந்தது. நிகழ்ச்சி முடிந்தால் பேச்சாளரை விட்டுவிட்டு எல்லோரும் முதலில் பதிவாளரைத்தான் தேடினார்கள். அவர் நிகழ்ச்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஆனால் அலுவலகத்துக்கு வராமல் இருக்க முடியாதே.

நான்காவது மாதம் உத்தரவு வந்தது. எலெக்ட்ரிக்கல் டிப்ளமா வகுப்புக்கு ‘சோதனை அடிப்படையில், ஒரு பருவத்துக்கு மட்டும்’ ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். மச்சத்தைக் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். பயிற்சி முடித்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளைஞரை நியமித்தார்கள். அவர் பயந்துபோய் மச்சத்துக்குத்தான் முதலில் செய்தி அனுப்பினார். அவள் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்று. “எதையும் முழுங்காதீங்க.”

குதிரைவால் ஒரு வருடம் பின்தங்கி, தன்னைவிடச் சின்னவர்களோடு போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொரு ஊரிலிருந்து காது கேளாத பையன் ஒருவனும் சேர்ந்தான். ஒரு பருவத்தோடு நிறுத்தப் பார்த்தால் இனி இரண்டு பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் நாள் நடந்ததை அன்று மாலை கடையில், கம்பிச் சுருள்களுக்கு நடுவே நின்று, குதிரைவால்தான் நடித்துக் காட்டினாள். வாத்தியார் மின்மாற்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வகுப்பே திடீரென்று சிரித்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் கையை ஆட்டவில்லை. அது பாடம் இல்லை, சும்மா ஒரு ஜோக், விடு என்றிருக்கிறார். குதிரைவால் எழுந்து நின்றுவிட்டாள்.

“எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியாம உக்காரமாட்டேன்னேன்.”

வகுப்பு நின்றது. வாத்தியார் முதலிலிருந்து ஜோக்கைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வேர்த்து விறுவிறுத்து அதை மொழிபெயர்த்தார். மின்மாற்றிக்கும் மாமியாருக்கும் என்ன வித்தியாசம் என்பது மாதிரி ஏதோ ஒன்று. அவ்வளவு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

“சிரிச்சியா?” என்று கேட்டாள் மச்சம்.

“அதுக்கா?” என்றாள் குதிரைவால், மூக்கைச் சுளித்து. “படு மொக்கை. அதையும் சொல்லிட்டுத்தான் உக்காந்தேன்.”